பத்தொன்பதாம் அறை

காது மெஷின் பழுதுபார்க்கிற கடைக்கு
ரயில் எஞ்சினோடு வந்தார் அருமைநாயகம்.
சீனி மாத்திரை வந்த அட்டைப்பெட்டி,
அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள்
ஒரு சாண் நீள டீசல்.

"லைட்டு எரியிது, ஹாரன் அடிக்கி,
நவர மட்டும் மாட்டேங்கு.
நுணுக்கமா பத்தவைக்க
சமாதானபுரத்துல ஜெபக்கனியப் பாருங்கன்னாவ."

மதியம் இரண்டு மணி. கரண்ட் இருந்தது.
முதலில் சக்கரம்:
ஸ்பிரிட்டில் நனைத்த துணி கறுத்துத் திரும்பியது.
அது அழுக்கு, குற்றமல்ல.

கூட்டைக் கழற்றினேன்.
கட்டைவிரல் நகம் அளவு டிகோடர்.
சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து,
ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு,
நீலம் எல்லா விளக்குக்கும் பொது.
ஒன்றும் அறுந்திருக்கவில்லை.
எரிந்த டிகோடருக்கு ஒரு வாசனை உண்டு,
மோந்து பார்த்தேன், இல்லை.
மோட்டாரின் முனை இரும்பில் தட்டுகிறதா?
மீட்டர் வாயைத் திறக்கவில்லை.
ஆரஞ்சையும் சாம்பலையும் உருவி
ஒன்பது வோல்ட் பேட்டரியில் வைத்தால்
மேஜை மேலே சிணுங்கிக்கொண்டு ஓடுகிறது.
பின்னே என்ன கேடு?

அவர் கொண்டுவந்திருந்த ஒரு முழத் தண்டவாளத்தை
அவர் பெட்டியோடே இணைத்து
அறை அறையாகக் கேட்டேன்.
இதற்கு வாய் கிடையாது.
ஆமென்றால் மோட்டாருக்கு
ஒரு சொட்டு மின்சாரம் விட்டு
உடம்பை லேசாக உதறும்.
சத்தம் கேட்டதும் டப்பாவில் மணி போடச் சொன்னால்
சின்னப் பிள்ளைகள் போடுமே, அப்படி.

ஒன்றாம் அறை: சொந்த எண், மூன்று. சரி.
இருபத்தொன்பது: ஆறு. சரிதான்.
எட்டாம் அறையில் எட்டை எழுதினால்
எல்லாம் அழிந்து புதுசாகிவிடும்.
அவசரக்காரர்கள் அதைத்தான் செய்வார்கள்.
எனக்குப் பிடிக்காது.

பத்தொன்பதில் பூஜ்யம் இருக்கவேண்டும்.
உதறியது.
நூற்று நாற்பத்தொன்பது.

"அண்ணாச்சி, இது இன்னொரு எஞ்சினோட
சேந்து ஓடிச்சா?"

மின்விசிறியைப் பார்த்தார், வெகு நேரம்.
மாடியில், பிளைவுட்டில், செங்கோட்டை மலையேற்றம்.
எட்டுப் பெட்டி. முன்னால் ஒன்று இழுக்கும்,
திரும்பி நின்று பின்னால் இது தள்ளும்.
முன்னது மைதீன் பிச்சையுடையது.
ஒரு சீட்டுக் கம்பெனி,
ஒரு ஜாமீன் கையெழுத்து,
பேச்சு நின்று பதினாலு மாசம்.
"அவரு எஞ்சினத் துண்டுல சுத்தி
எடுத்துட்டுப் போயிட்டாரு.
நான் கீழ சோறு தின்னுட்டு இருந்தேன்.
எந்திரிக்கல."

நூற்று நாற்பத்தொன்பதில் நூற்றிருபத்தெட்டு
முதுகு காட்டி நிற்பதற்கு.
மிச்சம் இருபத்தொன்று,
ரெண்டுக்கும் சேர்த்துப் போட்ட எண்.
அந்த எண்ணில் ஓடச் சொன்னால்தான் ஓடும்.
சொந்த எண்ணில் கூப்பிட்டால்
விளக்கைப் போடும், ஹாரன் அடிக்கும்,
இருக்கேன் என்று சொல்லும்.
அவ்வளவுதான்.

"பூஜ்யம் போட்டிரவா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதில் துடைக்க ஒன்றுமில்லை.
"போடுங்க."

மூன்று என்றேன். போயிற்று.
ஒரு முழம் எவ்வளவு தூரம்,
முனையில் என் விரல் தடுக்க நின்றது.
"மலை ஏறாது, அண்ணாச்சி, எட்டுப் பெட்டியோட.
நாலு கட்டிப் பாருங்க."
"நாலு போதும்," என்றார்.

நூற்றைம்பது ரூபாய்.
ரசீதை வாங்கினவர் போகவில்லை.
"அத மறுபடி எழுதணும்னா?"
"ஒரு நிமிசம். அதே அறை, அதே நம்பர்."

ரசீதைத் திருப்பி, என் பேனாவை எடுத்து,
19 என்று எழுதி, ஒரு கோடு போட்டு,
149 என்று எழுதினார்.
மை காய ஊதினார்.
பேனாவைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
வெயிலில் இறங்கிவிட்டார்.
நானும் கூப்பிடவில்லை.